டர்பனில் பழைய கார் வாங்கிவிட்டீர்களா? என்3 மலை ஏறும் முன் இதையெல்லாம் பாருங்கள்

வேலைக்காகத் தென்னாப்பிரிக்காவின் டர்பனுக்கு வந்து இறங்கிய ஆறு மாதத்துக்குள் நம்மவர்களில் பலர் ஒரு பழைய கார் வாங்கிவிடுகிறார்கள். பஸ்ஸை நம்பி நிற்க முடியாது, மினிபஸ் டாக்சிக்கு எந்தத் திசைக்கு எந்த விரலைக் காட்டுவது என்று பழகவே நாளாகும், அதனால் கையில் இருக்கும் ராண்டுக்கு எது வருமோ அதை வாங்குகிறோம். அது பெரும்பாலும் டொயோட்டா டாஸ், சிட்டி கோல்ஃப், இல்லையென்றால் 2002இல் வந்த தலைமுறைக் கொரோல்லா. டாஸ் உற்பத்தி 2006இலேயே நின்றுவிட்டது, சிட்டி கோல்ஃப் 2009இல் நின்றது. ஆக, கிடைப்பதிலேயே இளைய வண்டிக்குக்கூடப் பதினைந்து வயதுக்கு மேல். ஆனால் இவை எல்லாம் இந்த நாட்டிலேயே செய்த வண்டிகள், கொரோல்லா நம் டர்பனுக்குத் தெற்கே ப்ரோஸ்பெக்டனில் செய்தது. அதனால் ஸ்பேர்ஸுக்குப் பஞ்சமில்லை.

இங்கே ஒரு விஷயம் புதிதாக வருபவர்களுக்குத் தெரிவதில்லை. சொந்தக் காருக்கு ஆண்டுதோறும் சோதனை என்று எதுவும் கிடையாது. முன்கண்ணாடியில் ஒட்டும் லைசன்ஸ் டிஸ்க்கை வருடா வருடம் புதுப்பிக்க வேண்டும், ஆனால் அதற்காக வண்டியை யாரும் பார்க்க மாட்டார்கள். வண்டி ரோட்டில் ஓடத் தகுதியானது என்று சொல்லும் ரோட்வொர்த்தி சான்றிதழ் கேட்பது பெயர் மாற்றும்போதுதான். ஒரே ஆள் பத்து வருடம் ஓட்டிய வண்டி என்றால், பத்து வருடமாக அதன் அடிப்பக்கத்தை யாருமே பார்க்காமல் இருந்திருக்கலாம். "ஒன் ஓனர்" என்று சொல்லி விற்கும்போது நாம் அதை நல்ல செய்தியாக மட்டும் எடுத்துக்கொள்கிறோம்.

இன்னொன்று, டர்பன் ஊருக்குள் ஓட்டிப் பார்த்து வண்டியின் உடம்பைக் கண்டுபிடிக்க முடியாது. கடல் மட்டத்தில் நிதானமாக ஓடும் வண்டி எந்தக் கோளாறையும் மறைத்து வைத்துக்கொள்ளும். ஜோகன்னஸ்பர்க் போகும் என்3 நெடுஞ்சாலையில் ஏறி பீட்டர்மாரிட்ஸ்பர்க் தாண்டி டவுன் ஹில் (Town Hill) என்ற ஏற்றத்தைத் தொட்டவுடன் அது வெளியே வரும். அதுவரை ஜன்னலுக்கு வெளியே பச்சை மலை பார்த்துக்கொண்டு வந்த குடும்பம், சாலையோரம் லாரிகள் உரசிக்கொண்டு போகும் இடத்தில் குழந்தையோடு நிற்க வேண்டியிருக்கும். எங்களுக்கு அப்படி நடந்தது, கீழே சொல்கிறேன். உங்களுக்கு நடக்கக் கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன்.

முதலில் சாமான். ஒரு மல்டிமீட்டர், டார்ச், 10, 12, 14, 17 ஸ்பேனர்கள், ஜாக்கி, அதோடு ஜாக்கி ஸ்டாண்ட் இரண்டு. வெறும் ஜாக்கியில் நிற்கும் வண்டிக்கு அடியில் தலையை விடவே கூடாது, ஐந்து நிமிட வேலையாக இருந்தாலும். வண்டி கார்புரேட்டர் இல்லாத பிற்காலத்து மாடல் என்றால், ஸ்டீயரிங்குக்குக் கீழே பதினாறு பின் உள்ள ஓபிடி சாக்கெட் (இன்ஜின் கம்ப்யூட்டர் குறித்து வைத்த கோளாறுகளைப் படிக்கும் இடம்) இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் போனோடு ப்ளூடூத்தில் இணையும் சின்ன ரீடர் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள்.

காலையில் இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது பார்க்க வேண்டியவை

வண்டியை நிறுத்தும் இடத்தில் ஒரு பழைய அட்டையை விரித்து இரவு முழுக்க அதன்மேல் நிறுத்துங்கள். காலையில் அட்டையில் என்ன சொட்டியிருக்கிறது? கருப்போ பழுப்போ என்றால் இன்ஜின் ஆயில். சிவப்போ பச்சையோ இனிப்பு வாசனையோடு இருந்தால் கூலன்ட், அதாவது இன்ஜினைக் குளிர்விக்கும் திரவம். டயருக்குப் பக்கத்தில் வழுவழுப்பாக, கிட்டத்தட்ட நிறமில்லாமல் இருந்தால் பிரேக் ஆயில், அன்றைக்கு வண்டியை எடுக்காதீர்கள். வெறும் தண்ணீர் என்றால் ஏசியிலிருந்து வந்தது, கவலை வேண்டாம்.

அப்புறம் டிப்ஸ்டிக், ஆயில் அளவு பார்க்கும் கம்பி. அந்தக் காலக் கொரோல்லாவில் இருக்கும் இசட்இசட் வரிசை இன்ஜினுக்கு ஆயில் குடிக்கும் பழக்கம் உண்டு. பிஸ்டனில் ஆயில் திரும்பி வடியும் துளைகள் சிறியவை, கரி அடைத்துக்கொண்டால் ஆயில் ரிங் இறுகிப்போய் ஆயில் மேலே ஏறி எரிந்துவிடும். காலையில் ஸ்டார்ட் செய்தவுடன் நீலப் புகை, இறக்கத்தில் காலை எடுத்துவிட்டுத் திரும்ப அழுத்தும்போது நீலப் புகை, இதுதான் அடையாளம். விற்பவர் முதல்நாள் ஆயில் நிரப்பிக் காட்டியிருப்பார், அதனால் அன்றைய அளவை நம்பிப் பயனில்லை. வாங்கிய பிறகு ஒவ்வொரு 500 கிலோமீட்டருக்கும் அளவைப் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். கொஞ்சம் குடித்தால் ஊற்றி ஊற்றி ஓட்டலாம், அது பாவமில்லை. ஆயில் குறைந்தது தெரியாமல் ஜோகன்னஸ்பர்க் வரைக்கும் ஓட்டுவதுதான் இன்ஜினைக் கொல்லும்.

டாஸ், சிட்டி கோல்ஃப் இரண்டுக்கும் இன்ஜின் வால்வுகளை இயக்குவது டைமிங் பெல்ட் என்ற ரப்பர் பெல்ட். எப்போது மாற்றினார்கள் என்பதற்குத் தாள் இல்லையென்றால் மாற்றவே இல்லை என்று வைத்துக்கொண்டு மாற்றிவிடுங்கள். கொரோல்லாவுக்குச் செயின், அந்தச் செலவு இல்லை.

ஸ்டார்ட் ஆகவில்லையா

சாவியைத் திருப்பினால் "டிக்" என்று ஒரு சத்தம், செல்ஃப் எடுக்கவில்லை. உடனே எல்லோரும் புது பேட்டரி வாங்கிவிடுகிறார்கள். பொறுங்கள். வண்டி இரவு முழுக்க நின்ற பிறகு மல்டிமீட்டரை பேட்டரி முனைகளில் வையுங்கள். 12.6 வோல்ட் என்றால் முழு சார்ஜ், 12.2 என்றால் பாதி, 12க்குக் கீழே என்றால் காலி. ஒருவரை சாவி திருப்பச் சொல்லிவிட்டு மீட்டரைப் பாருங்கள், செல்ஃப் சுற்றும்போது 9.6க்குக் கீழே விழுந்தால் பேட்டரி பலமில்லை. இன்ஜின் ஓடும்போது 13.8க்கும் 14.5க்கும் நடுவில் இருக்க வேண்டும். அதற்குக் கீழே என்றால் பேட்டரியைக் குற்றம் சொல்லாதீர்கள், ஆல்டர்னேட்டர் சார்ஜ் பண்ணவில்லை.

பேட்டரி நன்றாக இருந்தும் செல்ஃப் இழுக்கிறதா? இது கடலோர ஊர். ப்ளஃப், அமன்சிம்டோட்டி, உம்ஷ்லாங்கா பக்கம் நின்ற வண்டிகளில் உப்புக்காற்று அர்த் வயரைத் தின்றிருக்கும். மீட்டரின் ஒரு முனையை பேட்டரியின் நெகட்டிவ் கம்பத்திலும் மறுமுனையை இன்ஜினின் சுத்தமான இரும்புப் பகுதியிலும் வைத்து செல்ஃப் சுற்றச் சொல்லுங்கள். 0.3 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் அர்த்தில் கோளாறு. வயரைக் கழற்றி, இரண்டு முனையையும் உப்புத்தாளால் பளபளவென்று தேய்த்து, இறுக்கி, மேலே கிரீஸ் தடவினால் தீர்ந்தது. செலவு ஒன்றுமில்லை. பேட்டரி, செல்ஃப் மோட்டார் இரண்டையும் மாற்றிவிட்டு வண்டி இன்னும் மக்கர் பண்ணுகிறது என்று வருபவர்களிடம் நான் முதலில் தொட்டுப் பார்ப்பது இந்த வயரைத்தான்.

பேட்டரி இரவில் தானாக இறங்குகிறது என்றால், இந்த நாட்டுப் பழைய வண்டிகளில் முந்தையவர் வைத்த அலாரம், இம்மொபிலைசர், டிராக்கர் எல்லாம் மேலே மேலே கோர்த்திருக்கும். நெகட்டிவ் வயரைக் கழற்றி, அதற்கும் கம்பத்துக்கும் நடுவே மீட்டரை ஆம்பியரில் வைத்து, கதவுகளை மூடி அரை மணி நேரம் விடுங்கள். 50 மில்லி ஆம்பியருக்கு மேல் இழுத்தால் ஃபியூஸை ஒவ்வொன்றாகப் பிடுங்குங்கள். எதைப் பிடுங்கும்போது எண் சரிகிறதோ அந்த வழியில் தேடுங்கள். மீட்டர் ஆம்பியரில் இருக்கும்போது மட்டும் சாவியைத் திருப்பாதீர்கள், மீட்டர் போய்விடும்.

சூடேறுவது: இதை அவசரப்படாமல் படியுங்கள்

எங்கள் கதை இதுதான். ஜோகன்னஸ்பர்க்கில் நண்பர் வீட்டுக் கிரகப்பிரவேசத்துக்குக் கிளம்பினோம். நாலு மாதம் டர்பனில் ஒரு குறையும் சொல்லாத கொரோல்லா. டவுன் ஹில் பாதி ஏறும்போது சூடு காட்டும் முள் மேலே போனது, மேலே இருக்கும் ஹில்டன் ஊர் வருவதற்குள் பானெட்டிலிருந்து ஆவி. பக்கத்தில் இருந்த ஒரு ஒர்க்‌ஷாப்பில் பார்த்துவிட்டு ஹெட் கேஸ்கெட் (இன்ஜின் ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் நடுவே இருக்கும் தகடு) போய்விட்டது, ஹெட்டைக் கழற்ற வேண்டும் என்று சொன்னார்கள். எந்தச் சோதனையும் செய்யவில்லை, ஆவியைப் பார்த்துச் சொன்னார்கள். மனசு ஒப்பவில்லை, வண்டியை ஏற்றிக்கொண்டு வீட்டுக்கே திரும்பினோம். சாட்ஸ்வொர்த்தில் எங்கள் தெருவில் ஒரு அங்கிள், வேலையிலிருந்து ஓய்வு பெற்ற மெக்கானிக், அவர் தாத்தா கரும்புத் தோட்டத்துக்கு வந்த தலைமுறை. அவருக்குத் தமிழ் சில சொற்கள்தான் தெரியும், பேச்செல்லாம் ஆங்கிலம், ஆனால் என்னைக் கூப்பிடுவது "தம்பி" என்றுதான். அவர் வந்து வேறெதையும் தொடாமல் ரேடியேட்டர் மூடியைத் திறந்து என் கையில் கொடுத்தார். அடியில் இருந்த ரப்பர் வாஷர் வெடித்துப் பொருக்காக இருந்தது. உள்ளே இருந்தது கூலன்டே இல்லை, துரு கலந்த பழுப்புத் தண்ணீர்.

ஏன் டர்பனில் ஓடியது, மலையில் கொதித்தது? கடல் மட்டத்தில் தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்கும். உயரம் ஏற ஏற காற்றழுத்தம் குறையும், கொதிநிலையும் இறங்கும். என்3இல் வான் ரீனன் கணவாய் உச்சி 1,680 மீட்டர் அளவு, ஜோகன்னஸ்பர்க் 1,750 மீட்டர் அளவு. அங்கே திறந்த பாத்திரத்துத் தண்ணீர் 94 டிகிரியிலேயே கொதித்துவிடும். இன்ஜின் சாதாரணமாக ஓடுவதே 90 டிகிரி பக்கம். இதைச் சமாளிப்பவை இரண்டு. ஒன்று மூடி: 0.9 பார் அழுத்தத்தைப் பிடித்து வைக்கும் மூடி, கடல் மட்டத்தில் வெறும் தண்ணீரின் கொதிநிலையைக்கூட 118 டிகிரி பக்கம் தூக்கிவிடும். மற்றொன்று கூலன்ட்: அழுத்தம் இல்லாமலேயே கொதிநிலையைச் சில டிகிரி ஏற்றும், துருவையும் தடுக்கும். மூடியும் கெட்டு, உள்ளே வெறும் தண்ணீரும் இருந்தால் கடலோரத்தில் மட்டும்தான் தப்பிக்கலாம். டர்பனில் பனி உறைவதில்லை, கூலன்ட் எதற்கு என்று பலர் கேட்கிறார்கள். அதற்கு இதுதான் பதில். தவிர, குளிர்காலத்தில் ஹாரிஸ்மித் வழியாகப் போனால் உறைபனியும் உண்டு.

இனி நீங்கள் பார்க்க வேண்டிய வரிசை. எல்லாம் இன்ஜின் முழுக்கக் குளிர்ந்த பிறகு. சூடான இன்ஜினில் மூடியைத் திறந்தால் கொதிநீர் முகத்தில் அடிக்கும், அதில் தோல் வெந்தவர்கள் இருக்கிறார்கள்.

மூடியைக் கழற்றி ரப்பரைப் பாருங்கள், வெடிப்போ தட்டையாக நசுங்கியதோ இருந்தால் மாற்றுங்கள். நடுவில் இருக்கும் சின்ன வால்வை நகத்தால் இழுத்துவிட்டால் தானாக உட்கார வேண்டும். அது ஒட்டிக்கொண்டால் இன்ஜின் ஆறும்போது மேல் ஹோஸ் உறிஞ்சப்பட்டுச் சப்பையாகிவிடும், அதை வைத்தே கண்டுபிடிக்கலாம். புது மூடியில் பழையதில் அச்சடித்திருக்கும் அதே அழுத்த எண் இருக்கட்டும். சிட்டி கோல்ஃபில் இந்த மூடி ரேடியேட்டரில் இல்லை, பிளாஸ்டிக் டேங்கின் மேல் இருக்கும்.

அடுத்து ஃபேன். ஸ்டார்ட் செய்து ஏசி போடுங்கள், ஃபேன் சுற்ற வேண்டும். சுற்றவில்லையா, முதலில் ஃபியூஸ், பிறகு ரிலே. அதே மாதிரி ரிலே பெட்டியில் இன்னொன்று இருக்கும், இடம் மாற்றிப் போட்டுப் பாருங்கள். அதுவும் சரி என்றால் மோட்டாருக்கு நேராக பேட்டரியிலிருந்து கரன்ட் கொடுத்துப் பார்க்கலாம். ட்ராஃபிக்கில் நிற்கும்போது சூடேறி, ஓட ஆரம்பித்தால் இறங்கினால் ஃபேன்தான். ஓடும்போதும், ஏற்றத்திலும் சூடேறினால் அது ஃபேன் இல்லை: கூலன்ட் குறைவு, மூடி, அடைத்த ரேடியேட்டர், தெர்மோஸ்டாட், வாட்டர் பம்ப் இவற்றில் ஒன்று. இந்த ஒரு வித்தியாசம் தெரிந்தாலே பாதிச் செலவு மிச்சம்.

தெர்மோஸ்டாட் என்பது இன்ஜின் சூடானதும் திறந்து கூலன்டை ரேடியேட்டருக்கு விடும் வால்வு. அதை அறிய, குளிர்ந்த இன்ஜினை ஸ்டார்ட் செய்து ரேடியேட்டருக்குப் போகும் மேல் ஹோஸைத் தொட்டுக்கொண்டிருங்கள். சில நிமிடம் குளிர்ச்சியாகவே இருந்து பிறகு சட்டென்று சூடானால் நன்றாகத் திறக்கிறது. முள் ஏறியும் ஹோஸ் குளிர்ச்சியாகவே இருந்தால் மூடியபடி மாட்டிக்கொண்டது. சில மெக்கானிக்குகள் அதைக் கழற்றி எறிந்துவிட்டு "ஊர் சூடு, தேவையில்லை" என்பார்கள். அதைக் கேட்காதீர்கள், இன்ஜின் சரியான சூட்டுக்கு வராமல் பெட்ரோலைக் குடிக்கும், தேய்மானமும் கூடும்.

ஹெட் கேஸ்கெட்டா என்ற பயம் இருந்தால், குளிர்ந்த இன்ஜினில் மூடியைத் திறந்து வைத்து ஸ்டார்ட் செய்யுங்கள், தண்ணீர் சூடாவதற்குள் அணைத்துவிடுங்கள். முதலில் சில குமிழ்கள் வருவது சகஜம். நிற்காமல் வந்துகொண்டே இருந்தால் சந்தேகம் நியாயமானது. அதை உறுதி செய்ய நீல நிறச் சோதனைத் திரவம் கிடைக்கிறது, ரேடியேட்டர் வாயில் வைத்து அங்கே வரும் காற்றை உறிஞ்சினால், எரிந்த புகை கலந்திருக்கும்போது மஞ்சளாகும். வேலையைத் தொடங்கும் முன் இந்தச் சோதனையைச் செய்துகாட்டச் சொல்லி ஒர்க்‌ஷாப்பில் கேளுங்கள், அது உங்கள் உரிமை. ஆயில் மூடிக்கு அடியில் கொஞ்சம் வெண்ணெய் மாதிரி படிந்திருப்பதை மட்டும் பார்த்து முடிவெடுக்க வேண்டாம். டர்பன் ஈரப்பதத்தில் தினம் இரண்டு கிலோமீட்டர் மட்டும் ஓடும் வண்டிக்கும் அது வரும்.

பழுப்புத் தண்ணீர் இருந்தால் வடித்து, தெளிவாக வரும்வரை நல்ல தண்ணீர் விட்டு அலசி, கூலன்டும் டீமினரலைஸ்டு வாட்டரும் பாதிப் பாதி ஊற்றுங்கள். வண்டிக்குச் சொன்ன வகையே வாங்குங்கள், நிறம் ஒன்றாக இருக்கிறது என்று வெவ்வேறு வகையைக் கலக்காதீர்கள். ஊற்றும்போது ஹீட்டரை முழுச் சூட்டில் வைத்து, மெதுவாக ஊற்றி, மூடியைத் திறந்தபடி ஓடவிட்டுக் காற்றை வெளியேற்ற வேண்டும். ஹீட்டரில் குளிர்ந்த காற்று வந்தால் உள்ளே இன்னும் காற்று அடைத்திருக்கிறது.

எங்களுக்கு ஒரு மூடியும் ஐந்து லிட்டர் கூலன்டும்தான் ஆனது. அதே வண்டி அதற்குப் பிறகு நாலு முறை ஜோகன்னஸ்பர்க் போய் வந்துவிட்டது.

மிஸ்ஸிங், பிக்கப் இல்லாமை

இன்ஜின் உதறுகிறது, செக் லைட் எரிகிறது என்றால் ஓபிடி ரீடரில் கோடு (code, கோளாறு எண்) பாருங்கள். பி0302 என்றால் இரண்டாவது சிலிண்டர் மிஸ்ஸிங், அதாவது அதில் பெட்ரோல் சரியாக எரியவில்லை. கொரோல்லாவில் ஒவ்வொரு பிளக்கின் மேலும் அதற்குத் தீப்பொறி கொடுக்கும் தனிக் காயில் இருக்கும். இரண்டாவது காயிலை மூன்றாவதில் மாற்றிப் போட்டு, கோடை அழித்துவிட்டு ஓட்டுங்கள். கோடு பி0303 ஆக மாறினால் காயில் கெட்டது, மாறாமல் இருந்தால் காயில் நல்லது, பிளக்கை மாற்றிப் போட்டு அதே சோதனை. பி0171 வந்தால் பெரும்பாலும் எங்கோ காற்று கசிந்து உள்ளே போகிறது, இன்டேக் பக்கத்து ரப்பர் குழாய்களில் வெடிப்பைத் தேடுங்கள். கோடு என்பது எங்கே தேடுவது என்று சொல்கிறது, எதை வாங்குவது என்று சொல்வதில்லை.

ஜோகன்னஸ்பர்க் போனதும் வண்டி சோம்பினால் பயப்பட வேண்டாம், அந்த உயரத்தில் டர்போ இல்லாத இன்ஜின் ஆறில் ஒரு பங்கு பலத்தை இழக்கும். அங்கே 93 ஆக்டேன் பெட்ரோல் போட்டால் பெரும்பாலான பழைய வண்டிகளுக்குப் போதும். ஆனால் அதே 93ஐ நிரப்பிக்கொண்டு டர்பனுக்கு இறங்கி வந்து இங்கே ஏற்றத்தில் அழுத்தினால் இன்ஜின் கணகணவென்று தட்டலாம். இறங்கும் முன் 95 போட்டுக்கொள்ளுங்கள்.

பிரேக்

ஏறுவதைவிட இறங்குவதுதான் ஆபத்து. பிரேக் ஆயில் காற்றிலிருக்கும் ஈரத்தை உறிஞ்சும், நம் ஊர்க் காற்றில் அதற்குக் குறைவே இல்லை. டாட் 4 ஆயில் புதிதாக இருக்கும்போது கொதிநிலை குறைந்தது 230 டிகிரி, ஈரம் ஏறியதும் அது 155 வரை இறங்கலாம். ஹில்டனிலிருந்து பீட்டர்மாரிட்ஸ்பர்க் வரை காலைப் பிரேக்கிலேயே வைத்து இறங்கினால் ஆயில் கொதித்து, பெடல் ஸ்பாஞ்ச் மாதிரி அமுங்கிவிடும். வாங்கியவுடன் ஆயிலை மாற்றுங்கள், பிறகு இரண்டு வருடத்துக்கு ஒருமுறை. பேட் 3 மில்லிமீட்டருக்குக் கீழே என்றால் மாற்றிவிடுங்கள். இறக்கத்தில் மூன்றாவது கியரில் விடுங்கள், இன்ஜினே வண்டியைப் பிடித்துக்கொள்ளும். டயருக்குச் சட்டப்படி 1 மில்லிமீட்டர் பட்டன் போதும்தான், டர்பன் மழையில் அது போதாது என்பது என் கருத்து.

வண்டியைத் திருப்பும்போது "டக் டக்" என்றால் சிவி ஜாயின்ட், மேடு பள்ளத்தில் "டொக்" என்றால் புஷ், பால் ஜாயின்ட். இவற்றை ஒரு நல்ல ஆளிடம் காட்டுங்கள், தூக்கி வைத்து ஆட்டிப் பார்க்கத் தெரிந்த கை வேண்டும்.

எல்லாம் முடிந்ததும் நேராக ஜோகன்னஸ்பர்க் கிளம்பாதீர்கள். ஒரு ஞாயிறு காலை, லாரிகள் குறைவாக இருக்கும்போது, தனியாக ஹில்டன் வரை போய் வாருங்கள். கூலன்ட் டேங்கில் கிளம்பும் முன் இருந்த அளவில் ஒரு டேப் ஒட்டிக்கொள்ளுங்கள். டவுன் ஹில்லில் முள் எங்கே நிற்கிறது என்று பாருங்கள், மேலே போய் நிறுத்தி ஐந்து நிமிடம் ஐடிலிங்கில் விட்டு ஃபேன் வருகிறதா என்று கேளுங்கள். திரும்பி வந்து இரவு ஆறவிட்டு மறுநாள் காலை டேப்பைப் பாருங்கள். கூலன்ட் அதே இடத்தில் நின்றால் அடுத்த வாரம் குடும்பத்தோடு கிளம்பலாம். ஒரு விரல் இறங்கியிருந்தாலும் பயணத்தைத் தள்ளி வைத்துவிட்டு மூடியிலிருந்து மறுபடி தொடங்குங்கள்.